டிகாக்ஷனில் இறங்குவது என்ன?

காப்பிக்கொட்டையை வறுத்துக் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடைகள் மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாசலில் கால் மணி நேரம் நின்றால், காப்பியைப் பற்றி நம்மவர்களுக்குள்ள ஞானமும் அஞ்ஞானமும் ஒருங்கே காதில் விழும். "பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி" என்று தேர்ந்த ரசிகரின் தோரணையில் ஆரம்பிக்கும் கிருஹஸ்தர், "சிக்கரி எவ்வளவு சார் போடறது?" என்று கடைக்காரர் கேட்டதும் சற்றே யோசித்து, "காப்பி ஸ்ட்ராங்கா இருக்கணும், நாப்பதாவே போட்டுடுங்கோ" என்று முடிப்பார். அவர் கேட்டது அவருக்குக் கிடைக்கும்; டிகாக்ஷன் கள்ளிச்சொட்டாக இறங்கும்; பாலை ஊற்றினாலும் நிறம் விட்டுக்கொடுக்காது. ஆனால், காலையில் எழுந்ததும் காப்பியைத் தேடுவதற்கு எந்த உற்சாகத்தைக் காரணமாகச் சொல்லுகிறாரோ, அந்த உற்சாகத்தைத் தரும் வஸ்து சிக்கரி ஏற ஏற டம்ளரில் குறைந்துகொண்டேதான் போகும். சிக்கரியில் காஃபீன் துளியும் கிடையாது.

நிறம் வேறு, கசப்பு வேறு, காஃபீன் வேறு. இம்மூன்றும் ஒரே டம்ளரில் கூடியிருப்பதனால் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே, பித்தளைப் பில்டர் உசத்தியா, இத்தாலியரின் எஸ்பிரஸ்ஸோ உசத்தியா, காகிதத்தில் வடித்தால் காரம் குறையுமா என்ற வாதங்களையும் நடத்துகிறோம். என் அபிப்பிராயத்தில் இவ்வாதங்களில் பாதி, கேள்வியை இடம் மாற்றிக் கேட்பதால் உண்டாவது. காப்பி இறக்கும் முறை ருசிக்கு அதிகாரி. காஃபீனுக்கு அதிகாரி, பெரும்பாலும், கொட்டையின் ஜாதியும் நாம் போடும் பொடியின் எடையுமே.

வறுத்த காப்பிக்கொட்டையின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரைதான் தண்ணீரில் கரையக்கூடியது. மீதி வெறும் நார். கரையக்கூடிய அத்தனையும் வேண்டியதுதானா என்றால், அதுவும் இல்லை. 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற ரசாயன அறிஞர் இதை முறையாக ஆராய்ந்து, பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை தண்ணீருக்குள் வரும்போதுதான் பெரும்பாலோருக்கு ருசி பிடிக்கிறது என்று கண்டார். அந்தக் கணக்கு இன்றைக்கும் காப்பித் தொழிலில் அளவுகோலாக இருக்கிறது. காரணம் சுலபமானது. பொடியின் மேல் வெந்நீர் பட்டவுடன் முதலில் ஓடிவருபவை புளிப்பான அமிலங்களும் உப்புக்களும். அவற்றைத் தொடர்ந்து, வறுபடும்போது உண்டான இனிப்பும் கருகலுமான ரசங்கள் வருகின்றன. கடைசியில், மனமில்லாமல் வருபவை கடுங்கசப்பும் துவர்ப்பும். ஆகவே சீக்கிரம் நிறுத்தினால் காப்பி புளிக்கும். விடாமல் பிழிந்தால் நாக்கில் துவர்ப்பு ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் எத்தனை விதமான காப்பிப் பாத்திரங்கள் உண்டோ அத்தனையும், பொடியின் நைசு, தண்ணீரின் சூடு, இரண்டும் கூடியிருக்கும் நேரம், தண்ணீரைத் தள்ளும் பலம் ஆகிய நான்கையும் வெவ்வேறு விகிதத்தில் கூட்டிக் குறைத்து இந்த வரிசையில் ஏதோ ஓரிடத்தில் நிறுத்தும் உபாயங்களேயன்றி வேறல்ல.

இந்த வரிசையில் காஃபீனுக்கு இடம் முன்பாதியில் இருக்கிறது. அந்த வஸ்துவை முதன்முதலில் பிரித்தெடுத்த கதை ரசமானது. 1819-ஆம் வருஷம், ஜெர்மனியில் ஜேனா என்ற ஊரில், ரூங்கே என்ற 25 வயது இளைஞர், பெல்லடோனா என்ற செடியின் ரசம் பட்டால் கண்ணின் பாவை விரிந்துவிடுவதை ஒரு பூனையின் கண்ணில் செய்து, மகாகவி கெதேயின் முன்னிலையில் காட்டினார். வியந்துபோன கவி, தம்மிடம் அபூர்வப் பொருளாக வந்திருந்த காப்பிக்கொட்டைகளை அவர் கையில் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பாரும் என்றாராம். ரூங்கே ஆராய்ந்தார், வெகு சீக்கிரத்திலேயே காஃபீன் வெளிவந்தது. தனியே எடுத்தால் அது வெள்ளைப் பொடி, கொஞ்சம் கசக்கும். ஆனால் காப்பியின் கசப்பு முழுவதற்கும் அதன்மேல் பழிபோடுவது அநியாயம். காப்பிக் கசப்பில் அதன் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம்தான் என்று சொல்லுகிறார்கள். மீதியெல்லாம், கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் வறுபடும்போது சிதைந்து பிறக்கும் வேறு பொருள்களின் கைங்கரியம். கறுக்கக் கறுக்க வறுத்த கொட்டையில் கசப்பு ஏறுவதும் அதனாலேயே. காஃபீன் வறுப்பதனால் ஏறுவதும் இல்லை, சொல்லும்படி இறங்குவதும் இல்லை.

நம்முடைய பில்டருக்கு வருவோம். ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இரண்டு பாத்திரங்கள், மேற்பாத்திரத்தின் அடியில் ஊசிமுனைத் துவாரங்கள், பொடியை அமுக்கிவைக்கக் காம்போடு கூடிய குடை போன்ற ஒரு தகடு, ஒரு மூடி, இவ்வளவுதான் இயந்திரம். பாரிஸ் நகரத்துப் பேராயர் தெ பெல்லுவா 1800-ஆம் ஆண்டையொட்டிப் பிரசித்தப்படுத்தியதாகச் சொல்லப்படும் சொட்டுப் பாத்திரத்துக்கும் இதற்கும் குடும்பச் சாயல் தெரிகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமில் தேநீர்க் கோப்பையின் தலையில் உட்காரும் 'பின்' என்ற சிறு பில்டரும் அதே வம்சம்தான். தளதளவென்று கொதித்த தண்ணீரைத் தகட்டின்மேல் வட்டமாக ஊற்றினால், தகடு அதன் வேகத்தைத் தாங்கிக்கொண்டு, பொடிப் படுகையில் குழி விழாமல் காப்பாற்றுகிறது. குழி விழுந்துவிட்டாலோ தண்ணீர் அந்த வழியே ஓடிவிடும்; சுற்றியுள்ள பொடி நனைந்ததோடு சரி. அப்படியல்லாமல் நிதானமாக இறங்கும்போது, மேல்தட்டுப் பொடியில் கரைத்துக்கொண்டதைச் சுமந்துகொண்டு கீழ்த்தட்டுப் பொடிக்கு வந்து, அங்கே கிடைப்பதையும் ஏற்றுக்கொண்டு சொட்டுவதால், முதற் சொட்டுக்கள் மிகக் கெட்டியாகவும் போகப்போக நீர்த்தும் விழுகின்றன. தண்ணீரும் கால் மணி, அரை மணி நேரத்தில் வழியிலேயே ஆறிக்கொண்டு வருகிறது. வெந்நீரின் முழுச் சூடும் பொடியின்மேல் கடைசிவரை நில்லாதது ஒரு வகையில் அனுகூலமே. கடைசியில் வரவேண்டிய துவர்ப்பு அவ்வளவாக வருவதில்லை.

பொடி அளவுக்கு மீறி நைசாக இருந்தால் துவாரம் அடைத்துக்கொண்டு, "இறங்கவே மாட்டேங்கறது" என்று வீட்டிலுள்ளோர் கரண்டிக் காம்பால் பில்டரின் தலையில் தட்டும் சத்தம் விடியற்காலையில் கேட்கும். கொரகொரப்பாக இருந்தால் வந்த சுருக்கில் இறங்கி, வெளுத்த டிகாக்ஷனாக நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தைக் கடைக்காரரின் அரவை இயந்திரம் அறிந்துவைத்திருக்கிறது. இரண்டாம் டிகாக்ஷன் விஷயத்தில் தேங்காய்ப்பால் பிழிகிறவர்களுக்கு உள்ள அனுபவமே போதும்: சாரமெல்லாம் முதற் பாலோடு போய்விட்ட பிறகு வருவது, குழம்பை நீட்டத்தான் உதவும். இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீரில் காஃபீனும் சொற்பம், வாசனையும் சொற்பம். வரிசையின் கடைசியில் காத்திருந்த கசப்புக்கள் மட்டும் தாராளமாக வரும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். டிகாக்ஷனைத் திரும்பக் கொதிக்கவைக்கக் கூடாது, கொதிக்கும் பாலைத்தான் அதில் சேர்க்கவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லுவார்களே, அது வெறும் ஆசாரம் அன்று. காப்பி ரசத்தைச் சூட்டிலேயே வைத்திருந்தால் அதிலுள்ள சில பொருள்கள் உடைந்து குயினிக் அமிலமாகி, காலையில் போட்ட காப்பியைப் பத்து மணிக்குச் சுடவைத்தால் வருமே ஒரு பழம் புளிப்பு, அதைக் கொடுத்துவிடுகின்றன. வாசனையோ அதற்கு முன்பே ஆவியாகிப் போய்விடுகிறது. பால் சேர்வதால் கசப்பு அடங்குவதற்கும் காரணம் உண்டு: துவர்ப்புக்குக் காரணமான பொருள்களைப் பாலிலுள்ள புரதம் தன்னோடு பிணைத்துக்கொள்ளுகிறது. காஃபீனை அது ஒன்றும் செய்வதில்லை. பால் அதிகம் விட்ட காப்பி நாவுக்கு இதமாகலாம். டம்ளரில் ஊற்றிய டிகாக்ஷனின் அளவு குறையாதவரை, தூக்கத்தைக் கலைக்கும் சக்தி இம்மியும் குறையாது.

எஸ்பிரஸ்ஸோ என்பது அவசரத்தில் பிறந்தது. டூரின் நகரத்து மொரியோண்டோ 1884-இலும், மிலான் நகரத்து பெட்ஸேரா 1901-இலும் நீராவியின் பலத்தால் காப்பியை விரைவாக இறக்கும் இயந்திரங்களுக்கு உரிமை பெற்றார்கள். ஆயினும் இன்று நாம் காணும் எஸ்பிரஸ்ஸோவுக்குப் பிதா என்று சொல்லத்தக்கவர், மிலானில் காப்பிக்கடை வைத்திருந்த அக்கிலே காஜ்ஜியா. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு அவர் கொண்டுவந்த, நெம்புகோலால் இழுத்து அழுத்தும் இயந்திரத்தில், நீராவியால் முடியாத அழுத்தம் கிடைத்தது. கோப்பையின்மேல் பொன்னிறமான நுரை ஒன்று புதிதாகப் படிந்தது. இன்றைய வழக்கில், வாயுமண்டல அழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கு பலத்தோடு, ஏழு கிராம் நைசுப் பொடியின் வழியே, 25 அல்லது 30 வினாடிக்குள் 30 மில்லி ரசத்தைத் தள்ளுகிறார்கள். எண்ணெய்ச் சத்தும் வாயுவும் அந்த அழுத்தத்தில் நுரைத்துக் கலந்து வருவதனால், வேறெந்த முறையிலும் கிட்டாத கனமும் வழுவழுப்பும் அதற்கு உண்டு. அதனால் அதைக் குடித்தால் இரவு முழுவதும் கண் மூடாது என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சிறு கோப்பை எஸ்பிரஸ்ஸோவில் சுமார் 60 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. அமெரிக்கர் தம் பெரிய கோப்பையில் 240 மில்லி குடிக்கும், பார்வைக்குத் தேநீரைப்போலத் தெளிந்த காகித வடிகாப்பியில் சுமார் 95 மில்லிகிராம். சொட்டுக்குச் சொட்டு ஒப்பிட்டால் முன்னதே உக்கிரம்; கோப்பைக்குக் கோப்பை ஒப்பிட்டால் சாதுவாகத் தோன்றுவதே ஜெயிக்கிறது.

அந்தக் காகித வடிகட்டி ஒரு ஜெர்மன் இல்லத்தரசியின் சொத்து. டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ், கோப்பையின் அடியில் வண்டல் தங்குவதைச் சகியாமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு, பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒற்றுத்தாளைக் கிழித்து அதில் விரித்து வடித்துப் பார்த்தார். 1908-இல் உரிமையும் பெற்றார். காகிதம் வண்டலைப் பிடிப்பதோடு எண்ணெயையும் பிடித்துக்கொள்ளுவதால் அந்தக் காப்பியில் கனம் இராது. ஆனால் கொட்டையின் பூ வாசனையும் பழப் புளிப்பும் ஒளிவுமறைவின்றித் தெரியும். கெட்டியான டிகாக்ஷனில் பழகிய நாக்குக்கு முதலில் அது காப்பியாகவே தோன்றாது. தோன்றாவிட்டால் குற்றமும் இல்லை. துருக்கியர் மாவாக அரைத்த பொடியைச் சிறு பாத்திரத்தில் பொங்கவைத்து வண்டலோடு ஊற்றுவதும், இத்தாலிய வீடுகளில் 1933 முதல் வழங்கும் மோக்கா பாத்திரம் நீராவியால் தண்ணீரை மேலே ஏற்றுவதும், கொரகொரப்பான பொடியை நாலு நிமிஷம் ஊறவைத்து வலையால் அமுக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸும், கனத்தின் பக்கம் சாய்ந்தவை.

இந்தக் கனத்துக்கு ஒரு விலை உண்டு. காப்பி எண்ணெயில் கஃபெஸ்டால், கஹ்வியால் என்ற இரண்டு பொருள்கள் இருக்கின்றன. பொடியைப் போட்டுக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டுக் குடிக்கும் வழக்கமிருந்த நார்வே தேசத்தில், காப்பி அதிகம் குடிக்கிறவர்களுக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியிருப்பதை டிரோம்ஸோ நகரத்தில் நடந்த ஆய்வு 1983-இல் வெளியிட்டது. பின்னர் டச்சு ஆராய்ச்சியாளர்கள் காரணம் இந்த எண்ணெய்ப் பொருள்களே என்று நிலைநாட்டினார்கள். காகிதம் இவற்றை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடுகிறது. உலோகத் துவாரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கொலஸ்ட்ரால் கட்டுக்குள் இல்லாதவர்கள், முறையை மாற்றுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறதென்றால் இதுதான் என்று கருதலாம்.

சூடு அதிகமானால்தான் காஃபீன் இறங்கும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. இப்போது இளைஞர் விரும்பும் குளிர்காப்பி முறையில், பொடியைப் பச்சைத் தண்ணீரில் 12 மணி முதல் 24 மணி நேரம் வரை ஊறவைத்து வடிக்கிறார்கள். புளிப்பும் கசப்பும் குறைந்து, மழுங்கிய இனிப்போடு அது இருக்கிறது. வாசனைப் பொருள்கள் வெந்நீரை எதிர்பார்ப்பவை ஆதலால் வாசனையும் மட்டு. காஃபீன் மட்டும் குறைவதில்லை. சாதாரணச் சூட்டிலுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 20 கிராம் காஃபீனைக் கரைத்துக்கொள்ளும். நம் வீட்டுக் கெட்டி டிகாக்ஷனிலேயே லிட்டருக்கு இரண்டு, மூன்று கிராமுக்கு மேல் இராது. கரைவதற்கு இவ்வளவு இடம் இருக்கும்போது, நேரம் கொடுத்தால் குளிர்ந்த தண்ணீரும் அதை வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

ஆகவே கணக்கைப் பொடிக்கடையில் போட்டுப் பார்ப்பதே உசிதம். அரபிகா கொட்டையின் எடையில் காஃபீன் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் சுமார் 2.2 சதவீதம். கடைப் பாஷையில் பிளாண்டேஷன் என்பது கழுவிப் பதம் செய்த அரபிகா. பீபெரி என்பது ஒரு பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைந்தது. அதனால் அதற்குத் தனிக் காரம் எதுவும் வந்துவிடுவதில்லை. பில்டரில் 20 கிராம் பொடி போடுவதாக வைத்துக்கொள்ளுவோம். அறுபதுக்கு நாற்பது சிக்கரி கலந்த அரபிகாவானால், அதில் காப்பி 12 கிராம், காஃபீன் 144 மில்லிகிராம். சிக்கரி இல்லாத அரபிகாவில் 240. எண்பதுக்கு இருபது கலந்த ரொபஸ்டாவிலோ, 16 கிராம் காப்பியிலேயே 352. பாத்திரம் அதே, தண்ணீர் அதே, ஊற்றும் கை அதே. கடைசியதற்கும் முதலாவதற்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இவற்றில் பெரும்பகுதி முதல் டிகாக்ஷனிலேயே இறங்கிவிடும். எந்தப் பாத்திரத்தை எந்தப் பாத்திரத்தோடு மாற்றினாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காண்பது அரிது. இந்தியாவில் விளைவதில் ஏறத்தாழ 70 சதவீதம் ரொபஸ்டாவே என்பதையும், மலிவான கலவைகளில் அது சேருவது சகஜம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சிக்கரியை இவ்வளவு ஏசியபின் அதன் தரப்பையும் கேட்கவேண்டும். அது ஒரு செடியின் கிழங்கு. நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. நெப்போலியன் 1806-இல் இங்கிலாந்தோடு வர்த்தகத்தை அடைத்தபோது, காப்பிக்குத் தட்டுப்பாடு வந்து, ஐரோப்பாவில் இது செல்வாக்குப் பெற்றது. கிழங்கிலுள்ள இன்யூலின் என்ற மாவுச்சத்து வறுபடும்போது கருகிய சர்க்கரையின் மணத்தையும் நிறத்தையும் அடைகிறது. காப்பியில் மூன்றில் ஒரு பங்குகூடக் கரையாதிருக்க, வறுத்த சிக்கரியில் பாதிக்கு மேல் தண்ணீரில் கரைந்துவிடும். கள்ளிச்சொட்டு என்று நாம் மெச்சும் கெட்டித்தனத்தின் ரகசியம் அதுதான். பத்து, பதினைந்து சதவீதம் சேர்ந்தால் பாலோடு நன்றாகவே இசைகிறது என்பதை, சுத்தக் காப்பி விரதம் பூண்டவர்களும் மனசுக்குள் ஒப்புக்கொள்ளுவார்கள். சட்டமோ தாராளமானது: காப்பி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும், விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டுவிட்டால் சரி. நாற்பத்தொன்பது பங்கு கிழங்கைக் காப்பி விலையில் வாங்குகிறவர் அந்தச் சிறு எழுத்தை ஒரு முறை படிப்பது நல்லது.

எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு, ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டவேண்டாம் என்று கூறியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி வேண்டாம் என்றும் சொல்லுகிறார்கள், உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவதை அது தடுப்பதனால். மேலே சொன்ன அரபிகா பில்டரை நாலு டம்ளருக்குப் பங்கிட்டால் டம்ளருக்கு 60 மில்லிகிராமுக்குள் அடங்கும்; எண்பதுக்கு இருபது ரொபஸ்டாவானால் 80-ஐத் தாண்டும். உடம்பில் புகுந்த காஃபீனில் பாதி கழிவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது வெகுவாக வேறுபடும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, பதினொரு மணிக்குப் படுக்கைக்கும் கூடவே வருகிறது. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறவர், கடைக்காரரிடம் ரொபஸ்டா கலக்காத பிளாண்டேஷனைக் கேட்டு வாங்கி, சாயங்காலப் பில்டரில் ஒரு ஸ்பூன் பொடியைக் குறைத்துப் பார்க்கட்டும். கண்ணாடிக் கூம்பும் காகிதமும் வாங்குவது கொலஸ்ட்ராலுக்காக என்றால் நியாயம் உண்டு; தூக்கத்துக்காக என்றால், பித்தளைப் பில்டரைப் பரணில் ஏற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.